செத்தவர்களின் பெரட்டு

கோலா சாவாவை அடுத்த தோட்டம்,
இரண்டாம் டிவிசன்,
ஆவணி மாதம். ஜப்பான் துரைமார் கணக்கில் வருஷம் 2603. (நம்மைவிட அறுநூற்று அறுபது வருஷம் முன்னால் ஓடுகிறார்கள். அரிசி மட்டும் பின்னால் நடந்து வருகிறது.)

புக்கிட் பெலண்டோக் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக அமர்ந்து காய்ச்சல்களை ஆண்டுவரும் தாய்மாமன் ராமகிருஷ்ணன் அவர்களின் சமூகத்துக்கு, அக்காள் மகன் சந்திரன் கைகட்டி நின்று எழுதுவது. இவ்விடம் அப்பா, அம்மா, நான் மூவரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அவ்விடத்து மூச்சு எப்படிப் போய்வருகிறது என்று தெரிவிக்கவும்.

முதற்கண் சகலருக்கும் அறிவிக்கப்படும் துயரச் செய்தி: எனது காக்கி அரைக்கால்சட்டை, நான்கு வருஷம் இடைவிடாது உழைத்தபின், சென்ற செவ்வாய்க்கிழமை மரவள்ளிக் கிழங்கு பிடுங்கக் குனிந்த வேளையில் காலமாகிவிட்டது. பின்பக்கம் முதலில் பிரிந்தது. முன்பக்கம் பிரிவு தாளாமல் மறுநாள் தொடர்ந்தது. அன்னார் விட்டுச் சென்றவை இரண்டு பைகளும் ஒரு பித்தானும். இப்போது நான் உடுத்தியிருப்பது பழைய அரிசிச் சாக்கு. அதன் பின்புறத்தில் ரங்கூன் என்று கொட்டை எழுத்தில் இருப்பதால், உட்காரும்போதெல்லாம் பர்மா என் கீழே வந்துவிடுகிறது. இவ்வளவு சுலபமாக ஜப்பான்காரனுக்குக்கூட அது கிடைக்கவில்லை.

இந்தக் கடிதம் கொண்டுவருபவர் கருவாட்டு வியாபாரி ஜபருல்லா பாய். தபாலில் போட்டால் நமக்கு முன்னால் நாலு பேர் படிப்பார்கள் என்பதால், கூடையின் அடியில் வைத்துத் தருகிறேன் என்றார். ஆகவே இதில் வீசும் வாடை என்னுடையது அல்ல. காலையில் ஆட்களின் பெயர் கூப்பிடும் பெரட்டுப் புத்தகத்துத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருப்பதற்கும் மன்னிக்க வேண்டும். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மகனுக்கு வேறு தாள் ஏது? முன்பக்கத்தில் இருக்கும் பெயர்களை நீங்கள் வாசிக்க வேண்டாம். பாதிப் பேர் இப்போது இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் அரசியல் சாஸ்திரி ஆகிவிட்டேன் மாமா. நமது வெள்ளைக்காரத் துரை ஓடியபோது பங்களாவில் விட்டுப்போன புத்தகங்களைச் சிப்பாய்கள் பின்கட்டில் கொட்டினார்கள். அதில் ஒன்று, அட்டை போன ஓர் இங்கிலீஷ் புத்தகம். ராஜ்யம் என்றால் என்ன, யார் ஆளலாம், ஏன் நாம் கீழ்ப்படிகிறோம் என்று அறிஞர்கள் அடித்துக்கொண்ட சண்டையெல்லாம் அதில் இருந்தது. எனக்கு முன்னால் அதைக் கைப்பற்றியவர் மணியம் கங்காணி. படிப்பதற்கு அல்ல, புகையிலை சுருட்டுவதற்கு. இருவரும் பேசி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம்: நான் ஒரு பக்கம் படித்து முடித்தபின் அவர் அதைக் குடிக்கலாம். ஆதியில் ஜனங்களும் இப்படித்தான் கூடிப் பேசி, ‘என் சுதந்திரத்தில் கொஞ்சம் நீ எடுத்துக்கொள், என்னைக் காப்பாற்று’ என்று ராஜ்யத்தை உண்டாக்கினார்களாம். அதற்குச் சமூக ஒப்பந்தம் என்று பெயர். ஒப்பந்தம் செய்த மூன்றாம் நாளே கங்காணி நான் படிக்காத பக்கத்தைக் கிழித்துவிட்டார்.

“கங்காணி ஐயா, அது சுதந்திரம் பத்தின பக்கம். நான் இன்னும் படிக்கலை.”

“அதான் இவ்வளவு லேசா இழுக்குதா? நல்லா இருக்குடா. அடுத்தது என்னா?”

“சட்டம்.”

“அது வேணாம். கமறும். நீயே வச்சுக்க.”

இப்படியாக என் படிப்பு அங்கங்கே ஓட்டை விழுந்த படிப்பு. சுதந்திரம் இரண்டே நாளில் புகைந்துபோயிற்று. ஜனநாயகத்தில் பாதி போயிற்று. மிஞ்சியதைக் கொண்டு நம் தோட்டத்தை ஆராய்ந்தேன். ராஜ்யத்துக்கு நான்கு அங்கம் வேண்டுமாம்: நிலம், குடிகள், ஆட்சி, அப்புறம் இறைமை. நிலம் லண்டன் கம்பெனியுடையது. குடிகள் பெரட்டுப் புத்தகத்தில் பெயர் உள்ள நாம். ஆட்சி கிராணியாகிய என் அப்பா. இறைமை என்றால் தனக்கு மேலே யாருமில்லாத கடைசிச் சொல். முன்பு அது துரை வாயில் இருந்தது, இப்போது ஜப்பான் துரை வாயில் இருக்கிறது. சந்தேகமிருந்தால் மணியைப் பாருங்கள். டோக்கியோவில் விடிந்தால் இங்கேயும் விடிந்ததாக அர்த்தம் என்று கடிகாரத்தைத் திருப்பிவிட்டார்கள் அல்லவா? சூரியன் மட்டும் உத்தரவைப் படிக்காததால், நாங்கள் கும்மிருட்டில் பெரட்டுக்கு நிற்கிறோம். பக்கத்தில் நிற்பவர் யார் என்று இருமலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இறைமை என்பது இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் இராது.

பலம் வேறு, அதிகாரம் வேறு என்று இன்னோர் அத்தியாயம். துப்பாக்கியைக் காட்டி ‘வா’ என்றால் வருவது பலத்துக்குப் பயந்து. ஒன்றையும் காட்டாமலே வந்தால் அது அதிகாரத்தை ஒப்புக்கொண்டு. அப்பா காலையில் தொங்கவிட்ட இரும்புத் துண்டைத் தட்டினால் இருநூறு பேர் வந்து நிற்கிறார்கள். அவரிடம் இருப்பதோ காதில் செருகிய ஒரு பென்சில். இதை அப்பாவிடம் சொன்னேன். “பென்சிலுக்கு வரலைடா, அரிசிக்கு வர்றாங்க” என்றார். அரசுக்கும் அரிசிக்கும் எழுத்திலேயே நெருக்கம்தான் என்று சொல்லி அன்றைக்கு ஒரு குட்டு வாங்கினேன்.

அந்த அரிசியில்தான் கதை இருக்கிறது மாமா. பெரட்டில் பெயர் கூப்பிட்டு ‘இருக்கேன்’ என்று பதில் வந்தால்தான் அந்தப் பெயருக்கு வாரத்து அரிசி. நம் ஜனங்கள் துரை காலத்திலிருந்தே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். ஒருவன் காய்ச்சலில் படுத்தால் அடுத்த வீட்டுக்காரன் அவனுக்காக ‘இருக்கேன்’ சொல்லிவிடுவான். துரைக்கு எல்லாக் குரலும் ஒரே குரல். ஜப்பான்காரன் வந்தபிறகு காய்ச்சலில் படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை. ஆனால் பதில் சொல்வது நிற்கவில்லை. போன வருஷம் முனியாண்டி செத்தார். அவர் பெண்சாதி மயிலம்மாளும் மூன்று பிள்ளைகளும் அவர் பேரில் வரும் அரிசியைத்தான் சாப்பிடுகிறார்கள். லயத்தில் பக்கத்து வீட்டு நல்லசாமி அண்ணன் தினமும் தொண்டையைக் கட்டிக்கொண்டு, முனியாண்டியின் கரகரத்த குரலில் ‘இருக்கேன்’ என்பார். பிறகு தன் பெயருக்குத் தன் குரலில் ஒருமுறை. இப்படி ஒன்பது செத்தவர்கள் காலைதோறும் எங்கள் பெரட்டுக்கு வருகிறார்கள். அப்பாவுக்குத் தெரியும். பென்சிலை நாக்கில் தொட்டு, தலை நிமிராமல் புள்ளி வைத்துவிடுவார். ஒருவர் வாய் இன்னொருவருக்காகப் பேசுவதற்குப் பிரதிநிதித்துவம் என்று புத்தகத்தில் பெயர். அந்த அத்தியாயம் பாதியில் நிற்கும். மீதியைக் கங்காணி குடித்துவிட்டார்.

போன வாரம் ஜப்பான் துரை மோட்டாரில் வந்து அப்பாவை வரவழைத்தார். சயாமில் ரயில் பாதை போட இந்த டிவிசனிலிருந்து பன்னிரண்டு ஆள் வேண்டும், வெள்ளிக்கிழமை காலை பெயர்ப் பட்டியல் தயாராக இருக்க வேண்டும், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார். மூன்று மாதம் என்று சொல்லித்தான் பக்கத்துத் தோட்டத்தில் நாற்பது பேரை ஏற்றிப்போனார்கள். எட்டு மாதம் ஆகிறது. ஒரு காகிதத் துண்டுகூட வரவில்லை. அப்பா வீட்டுக்கு வந்து குந்தினவர் கிழங்கைத் தொடவில்லை.

அன்று முதல் எங்கள் வீட்டுப் படியில் ஆள் மாறி ஆள். ஒருவருக்குக் குடல் இறக்கம். ஒருவர் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். ஒருவர் தன் கதையைச் சொல்லவில்லை, அடுத்த வீட்டுக்காரன் எவ்வளவு திடகாத்திரமானவன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஆட்சி என்று ஒன்று இல்லாவிட்டால் மனிதர் ஒருவரையொருவர் கடித்துத் தின்பார்கள் என்று ஓர் அறிஞர் பயமுறுத்துகிறார். ஆட்சி இருக்கும்போதே அதைத்தான் செய்வார்கள் என்பது என் ஆராய்ச்சி.

“யார் பேரை எழுதினாலும் அந்த வீட்டு வாசல்ல நாம அப்புறம் நிக்க முடியாதுங்க” என்றாள் அம்மா.

“எழுதலேன்னா அவனே பொறுக்குவான். கொழந்தை குட்டிக்காரன்னு பார்ப்பானா?”

நான் இதுதான் சமயமென்று நடுவில் புகுந்தேன். ஆளைத் தேர்ந்தெடுக்க மூன்று வழி உண்டு, ராஜா இஷ்டம், ஜனங்கள் ஓட்டு, குலுக்கல். ஓட்டுப் போடுவதானால் ரப்பர் கொட்டையைப் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் போடச் சொல்லலாம் என்றேன். அப்பா என் பக்கம் திரும்பினார்.

“யார் சாகணும்னு ஓட்டுப் போடச் சொல்றியா?”

“அப்படி இல்லப்பா, குடிகளோட சம்மதம்...”

“உன் புஸ்தகத்துல யாரும் போகாம இருக்க வழி இருந்தா சொல்லு. இல்லேன்னா போயி வெறகு பொறுக்கு.”

விறகு பொறுக்கினேன். அப்பா அதன்பின் ஒரு தந்திரம் செய்தார். என்ன தந்திரம் தெரியுமா? பெரட்டுப் புத்தகத்தில் உயிரோடு இருக்கும் செத்தவர்கள் ஒன்பது பேர், ஓடிப்போனவர்கள் மூன்று பேர், ஆக மொத்தம் பன்னிரண்டு. அவர்கள் பெயரையே பட்டியலாக எழுதிவிட்டார். ஜப்பான் துரை புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தால் பெயர் இருக்கும். கூப்பிட்டால் ஆள் இருக்காது. ‘நேற்றிரவு ஓடிவிட்டார்கள் துரை’ என்று கையை விரித்துவிடலாம். கேட்பதற்கு அழகான யோசனைதான். ஆனால் அரசியல் படித்த கண்ணுக்கு ஓட்டை உடனே தெரிந்தது. “அப்பா, செத்தவனுக்குக் கால் இல்லை, சரி. நம்ம தோட்டத்துல செத்தவனுக்கு வாய் இருக்கே” என்று அன்றைக்கே எச்சரித்தேன். இதை நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள் மாமா. நாளைக்குச் சரித்திரம் எழுதுகிறவர்கள் வந்து கேட்டால், சந்திரன் முன்கூட்டியே சொன்னான் என்று சாட்சி சொல்ல வேண்டும். அப்பா கேட்கவில்லை. ஆட்சியில் இருப்பவர்கள் எதிர்க்கட்சி பேச்சைக் கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல இருட்டில் நின்றோம். ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூண்டுக்குப் பின்னால் லாரி நின்றதை யாரும் பார்க்கவில்லை. துணி கொடுக்கப் போகிறார்கள், ஆளுக்கு நாலு முழம், பேர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று யாரோ முதல்நாள் கிளப்பிவிட்டிருந்ததால், எல்லோரும் சீக்கிரமே வந்து முண்டியடித்தார்கள். என் இடுப்பிலிருந்த ரங்கூனுக்கும் ஆசை இருந்தது. ஜப்பான் துரை அப்பா பக்கத்தில் வந்து நின்று, பட்டியலை எடுத்து வாசிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். அப்பா கோட்டுப் பையிலிருந்து தாளை எடுத்து விளக்கில் பிடித்தார். பிடித்தவர் வாசிக்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நிமிர்ந்து கூட்டத்தில் யாரையோ தேடினார். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் இடுப்பில் இடித்தபிறகுதான் குரல் வந்தது.

“முனியாண்டி.”

ஒரு விநாடிகூட ஆகவில்லை மாமா. பத்து மாசப் பழக்கம். தொண்டையைக் கட்டிக்கொண்டு, “இருக்கேன்” என்றார் நல்லசாமி அண்ணன்.

சிப்பாய் அவர் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்தினான். துணிக்குத்தான் வரிசை கட்டுகிறார்கள் என்று ஜனங்களுக்கு ஒரே அவசரம். அப்பா ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் இருமினார், தாளைக் கீழே போட்டார், எடுத்தார், பெயரைப் பாதியில் விழுங்கினார். விழுங்கின பெயருக்கும் பதில் வந்தது. “அங்கமுத்து.” “இருக்கேன்.” “பெரியான்.” “இருக்கேன்லா, இங்கே, இங்கே.” செத்தவரின் பிள்ளைகளுக்கு நாலு முழம் வாங்கிக் கொடுக்க வேண்டுமென்று நல்ல மனசோடு ஒன்பது பேர் கையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றார்கள். ஓடிப்போன மூவருக்குத்தான் பதில் சொல்ல ஆளில்லை. “மானா லாகி?” மீதி எங்கே என்று கேட்டு அப்பாவை அறைந்துவிட்டு, ஜப்பான் துரை முன்வரிசையில் விரலை நீட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது விரல் மணியம் கங்காணி மேல் நின்றது. கங்காணி என்றால் முன்வரிசையில்தானே நிற்பார். ஐம்பத்தெட்டு வயசு. அரசியல் சாஸ்திரத்தில் மிஞ்சிய பக்கங்கள் அத்தனையும் அவர் இடுப்பு மடிப்பில் இருந்தன.

லாரியைச் சுற்றிக் கொண்டுவந்தபோதுதான் விஷயம் விளங்கியது. நல்லசாமி அண்ணன், “துரை, நான் முனியாண்டி...” என்று ஆரம்பித்தார். அவர் பெண்சாதி பஞ்சாலை அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் மயிலம்மாள், இடுப்பில் ஒன்று, கையில் இரண்டு. அண்ணன் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார். முனியாண்டி செத்துவிட்டார் என்று சொன்னால் பத்து மாசம் தின்ற அரிசிக்கு யார் யார் உதைபடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். “நான் முனியாண்டிதான்” என்று முடித்துவிட்டு ஏறிக்கொண்டார். குடிகள் விரும்பித் தேர்ந்தெடுக்காத பிரதிநிதி கடைசிவரை எப்படி நடந்துகொள்வார் என்று புத்தகத்தில் எங்கும் எழுதவில்லை.

இப்போது தோட்டம் இருக்கிற இருப்பைச் சொல்கிறேன். பட்டியல் எழுதியவர் கிராணி என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா குழாயடிக்குப் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். சனிக்கிழமை பெரட்டில் அப்பா பழக்கத்தில் நல்லசாமி பெயரையும் கூப்பிட்டுவிட்டார். ஒரு சத்தமில்லை. கட்டின நாளிலிருந்து புருஷன் பெயரை வாயால் சொல்லாத பஞ்சாலை அக்கா முன்னால் வந்து, “நல்லசாமி இல்லைங்க. முனியாண்டியாப் போயிட்டாரு” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். இனிமேல் செத்தவர்களுக்காக யாரும் வாயைத் திறப்பதில்லை. மயிலம்மாள் வீட்டுக்கு இந்த வாரம் அரிசி நின்றுவிட்டது. அப்பா இரும்பைத் தட்டினால் இப்போதும் வருகிறார்கள். ஆனால் தள்ளி நிற்கிறார்கள். பென்சிலில் இருந்தது போய்விட்டது மாமா. மிச்சமிருப்பது துப்பாக்கிதான்.

அப்பா யாரிடமும் மறுத்துப் பேசவில்லை.

ஜபருல்லா பாய் சொல்லுகிறார்: ஏற்றிப்போனவர்களைச் செரம்பானில் ஒரு கொட்டகையில் அடைத்திருக்கிறார்களாம், ரயில் புதன்கிழமைதானாம், அதற்கு முன் டிரஸ்ஸர் ஒருவரை விட்டு நாக்கையும் கண்ணையும் பார்ப்பார்களாம். நாடு முழுக்க டிரஸ்ஸர்மார் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள் என்று நீங்கள் பெருமையடித்திருக்கிறீர்கள். அந்தப் பெருமையை இப்போது எடுங்கள். பேதி என்று எழுதினால் ஜப்பான்காரன் பத்தடி தள்ளி நிற்பான் என்கிறார் பாய். பன்னிரண்டு பேருக்கும் முடியாவிட்டால், முனியாண்டி என்ற பெயரில் இருப்பவருக்காவது பார்க்கவும். ஆள் ஒல்லி, இடது காதில் வெட்டுத் தழும்பு, கூப்பிட்டால் இரண்டு குரலில் பதில் சொல்வார்.

அம்மா உங்கள் உடம்பை விசாரிக்கச் சொன்னாள். உங்கள் தலையில் மிச்சமுள்ள முடிக்கும் கையில் உள்ள குயினைனுக்கும் தெய்வம் துணை நிற்கட்டும். மூத்தவர் என்ற முறையில் அங்கிருந்தபடியே கையை உயர்த்தி எங்களை ஆசீர்வதிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகனும் அரசியல் சாஸ்திரியுமாகிய
க. சந்திரன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதலாமென்றால் தாள் இல்லை. அந்தப் பட்டியலை அப்பா எழுதவில்லை மாமா. நான் எழுதினேன். அப்பா எழுதியது வேறொன்று. வியாழக்கிழமை அவர் கோட்டுப் பையில் துழாவியபோது கண்டேன். பதினோரு பெயர். பிள்ளை இல்லாதவர்களாகப் பார்த்து, அவர்களையே கூப்பிட்டுப் பேசி எழுதியிருந்தார். பன்னிரண்டாவது இடத்தில் கணேசமூர்த்தி, கிராணி என்று இருந்தது. எழுதி, அடித்து, மறுபடியும் எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை அவர் குளிக்கப்போன நேரத்தில் தாளை மாற்றி வைத்தேன். துணி கொடுக்கிறார்கள் என்று கிளப்பிவிட்டதும் நானே, அது வெறும் குறும்புக்கு. செத்தவனுக்கு வாய் இருக்கிறது என்று நான் யாரையும் எச்சரிக்கவில்லை. அந்த ஓட்டை எனக்குத் தெரியவே தெரியாது. அப்பா தாளை விளக்கில் பிடித்தபோது என் கையெழுத்தைப் பார்த்துத்தான் என்னைத் தேடினார். இது என்னுடையதல்ல என்று அவர் வாயைத் திறந்திருந்தால், யாருடையது என்று கேட்டிருப்பார்கள். அதனால் வாசித்தார். இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாள் மாறியதால் தப்பிய அந்தப் பதினோரு பேரும் யாரிடமும் மூச்சு விடவில்லை. பஞ்சாலை அக்காவிடம் நான்தான் சொல்ல வேண்டும். இரண்டு தடவை அவர் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். செரம்பான் வேலை முடிந்ததும் ஒரு நடை வாருங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் சொல்லிவிடுவேன். நான் சாஸ்திரியுமில்லை ஒன்றுமில்லை மாமா. அப்பா போகக்கூடாது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.